ஒரு கப் காபியும் நான்கு மாணவர்களும்

மாணவர்கள் துரித உணவுக் கடையைத் தேர்ந்தெடுப்பது விலை, ருசி, வேகம் ஆகிய மூன்றையும் பார்த்துத்தான் என்பார்கள். மரியாதை என்ற நான்காவது காரணமும் உண்டு. அதற்கு வரலாற்றிலேயே சான்று இருக்கிறது.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கிரீன்ஸ்பரோ என்று ஒரு நகரம். அங்கிருந்த வுல்வொர்த் பல்பொருள் கடைக்குள் காபி, சாண்ட்விச் விற்கும் உணவுக் கவுண்டரும் இருந்தது. கறுப்பின மக்கள் அந்தக் கடையில் பற்பசை வாங்கலாம். ஆனால் கவுண்டரில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது!

1960 பிப்ரவரி 1. எசல் பிளேர், டேவிட் ரிச்மண்ட், பிராங்க்ளின் மெக்கெய்ன், ஜோசப் மெக்நீல் என்ற நான்கு கறுப்பின மாணவர்கள் அங்கே வந்தார்கள். நால்வரும் கல்லூரியில் முதலாம் ஆண்டு. முதலில் சில பொருட்களை வாங்கி ரசீதைப் பத்திரப்படுத்தினார்கள். பிறகு கவுண்டரில் அமர்ந்து காபி கேட்டார்கள். தர மறுத்தார்கள். 'அந்தப் பக்கம் செல்லுபடியான காசு இந்தப் பக்கம் ஏன் செல்லாது?' என்பதுதான் அவர்களுடைய வாதம். கடை மூடும்வரை நால்வரும் எழுந்திருக்கவில்லை.

சில நாட்களில் நூற்றுக்கணக்கான மாணவர்கள் சேர்ந்தனர். போராட்டம் மற்ற நகரங்களுக்கும் பரவியது. மக்கள் கடையைப் புறக்கணித்ததால் சுமார் 2 லட்சம் டாலர் நஷ்டம். கடைசியில் ஜூலை 25 அன்று நிர்வாகம் இறங்கி வந்தது. அன்று அந்தக் கவுண்டரில் முதலில் அமர்ந்து சாப்பிட்டவர்கள் அதே கடையின் கறுப்பின ஊழியர்கள்!

1964-ல் வந்த குடிமை உரிமைகள் சட்டம் நாடு முழுவதும் உணவகங்களில் இனப் பாகுபாட்டைத் தடை செய்தது.

வாடிக்கையாளர் திருப்தி என்பது தட்டில் வரும் உணவோடு முடிவதில்லை. உட்கார இடம் கொடுப்பதிலேயே அது தொடங்குகிறது.