வண்ணக் கெண்டையும் வயற்குளமும்

வீட்டின் பின்புறத்திலே சிறு தடாகம் ஒன்றை அமைத்து, அதிலே செம்மையும் வெண்மையும் கருமையும் கலந்த பெரிய மீன்களை வளர்த்து மகிழ்தல் இன்று உலகின் பல நாடுகளிலும் பரவிய வழக்கமாகும். 'கொய்' என வழங்கும் இம்மீன்களைக் காண்போர், இவை யப்பானிய மன்னரின் பூங்காக்களிலே தோன்றியவை என்று எண்ணுதல் இயல்பு. ஆனால், நேயர்களே, வரலாறு வேறு கதையைக் கூறுகின்றது. அரண்மனை அகழியை இவை சென்றடைந்தது பிற்காலத்திலேயாம். இவை பிறந்த இடமோ, பனி மூடிய மலையிலே நெல் விளைவித்த ஏழை உழவரின் வயற்குளம். அழகுக்காக அன்றி, உணவுக்காகவே முதலில் இவை வளர்க்கப்பட்டன.

யப்பானின் பெருந்தீவாகிய ஹொன்ஷுவின் மேற்குக் கரையிலே நீகட்டா என்னும் மாகாணம் உளது. அதன் மலைப்பகுதியிலே, யமகோஷி, ஒஜியா முதலிய ஊர்களைச் சூழ்ந்த குன்றுகளில், மாரிக்காலத்தில் மூன்று நான்கு மீற்றர் உயரத்துக்குப் பனி குவிவதுண்டு. முற்காலத்தில் அம்மாதங்களில் ஊருக்கும் வெளியுலகுக்கும் இடையே போக்குவரத்து அற்றுப்போகும். ஒரு குக்கிராமத்து மக்கள், தங்கள் நோயாளரைப் பனிமலையைக் கடந்து தூக்கிச் செல்லும் துன்பத்தைப் பொறுக்கலாற்றாது, 1933 ஆம் ஆண்டிலே தாமே மண்வெட்டி எடுத்து மலையைக் குடையத் தொடங்கி, 1949 ஆம் ஆண்டிலேதான் அச்சுரங்கப் பாதையை முடித்தனர் என்றால், அவ்வூரின் தனிமையை நாம் ஒருவாறு உணரலாம்.

இத்தகைய மலைச்சரிவிலே பெரிய ஆற்றுப் பாசனத்துக்கு இடமில்லை. எனவே உழவர் சரிவைப் படிகளாக வெட்டி வயல் அமைத்தனர். பனி உருகும் நீரையும், குன்றின் பக்கத்திலே கிடையாகத் தோண்டிய கிணறுகளின் ஊற்று நீரையும் சிறு குளங்களில் தேக்கி, கீழுள்ள வயல்களுக்குப் படிப்படியாக விட்டனர். அக்குளங்களிலே கெண்டை மீன்களையும் வளர்த்தனர். பனிக்காலத்தில் வேறு புலால் உணவு கிடையாத குடும்பங்களுக்கு அவையே உறுதுணையாயின.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கருநிறக் கெண்டைகளின் நடுவே எப்போதாவது ஒரு குஞ்சு செந்நிறப் புள்ளியுடனோ வெண்ணிற உடலுடனோ தோன்றுவதை உழவர் கண்டனர். பரம்பரை இயல்பிலே தற்செயலாக நிகழும் மாற்றம் அது. கண்டவர் அதனைக் கறிச்சட்டிக்கு அனுப்பாது வேறு குளத்தில் விட்டுக் காத்தனர் என்பதே இவ்வரலாற்றின் திருப்புமுனை. நிறமுள்ளதை நிறமுள்ளதோடு சேர்த்து, பிறந்த குஞ்சுகளுள் நல்லனவற்றை மீண்டும் தெரிந்து, தலைமுறை தலைமுறையாக அவர்கள் உழைத்தனர். அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலே வெள்ளுடலில் செந்நிறம் படிந்த 'கொஹாகு' என்னும் இனம் நிலைபெற்றது. செம்மையும் வெண்மையுமாகிய அவ்விரண்டோடு கருநிறமும் சேர்ந்த 'தைஷோ சன்கே' இனம், 1912 முதல் 1926 வரை நிலவிய தைஷோ மன்னர் காலத்தின் பெயரைத் தாங்கியது. கருமை மிகுந்த 'ஷோவா' இனம் 1927 ஆம் ஆண்டளவில் உருவாயிற்று. சித்திரப் பட்டாடை போன்ற கெண்டை என்னும் பொருளில் இவையனைத்தும் 'நிஷிகிகொய்' எனப்பட்டன.

மலைக்கு வெளியே இவற்றின் புகழைப் பரப்பியது 1914 ஆம் ஆண்டு தோக்கியோ நகரின் உயேனோப் பூங்காவில் நடைபெற்ற பெருங்கண்காட்சியாகும். மலைவாழ் உழவர் தம் மீன்களை அங்கே கொண்டு சென்று காட்டினர். நகர மக்கள் வியந்தனர்; பரிசும் கிடைத்தது; சில மீன்கள் பட்டத்து இளவரசருக்கும் அளிக்கப்பட்டன. பின்னர், நீரும் ஒட்சிசனும் நிரப்பிய பிளாத்திக்குப் பைகளில் மீனை அடைத்து விமானத்தில் அனுப்பும் வழி பிறந்தபோது, உழவரின் மீன் கடல்கடந்த நாடுகளின் தடாகங்களுக்கும் சென்றது.

இனி, அம்மலையிலே ஓராண்டின் தொழிலைச் சிறிது நோக்குவோம். பனி உருகிய பின்னர், இளவேனில் முடிந்து கோடை தொடங்கும் வேளையில், தெரிந்தெடுத்த மீன்களை முட்டையிட விடுவர். பெரிய பெட்டை ஒன்று இலட்சக்கணக்கான முட்டைகளை இடும். சில நாள்களில் வெளிவரும் குஞ்சுகளைப் பண்படுத்திய சேற்றுக் குளங்களில் விடுவர். அங்கே இயல்பாகத் தோன்றும் நுண்ணுயிர்களே அவற்றின் முதலுணவு. அதன்பின் பலமுறை குளத்தை வலைத்து, நிறமும் வடிவமும் நோக்கி, வேண்டாதனவற்றைக் கழிப்பர். எஞ்சுவன மிகச் சிலவே. இலையுதிர் காலத்தில், பனி விழுமுன், குளங்களை வடித்து, மீன்களைக் கூரையுள்ள தொட்டிகளுக்கு மாற்றிவிடுவர்.

அவ்வாறு மாற்றும் பருவத்திலேதான் பேரிடி விழுந்தது. 2004 ஆம் ஆண்டு ஒக்டோபர் 23 ஆம் திகதி மாலை, 6.8 அளவான நிலநடுக்கம் அப்பகுதியை உலுக்கியது. 68 பேர் உயிரிழந்தனர். மலைகள் சரிந்தன, பாதைகள் அறுந்தன, மண் சரிந்து ஆற்றை மறித்ததால் வீடுகள் நீரில் மூழ்கின. பல தலைமுறைகள் வெட்டிக் காத்த குளங்கள் வெடித்து, நீர் வடிந்து போயிற்று. மின்சாரம் நின்றமையால் தொட்டிகளில் காற்றூட்டும் பொறிகளும் நின்றன. மீன்கள் மூச்சின்றி மடிந்தன. யமகோஷி மக்கள், ஏறக்குறைய 2,200 பேர், ஊரை முற்றாக விட்டு ஹெலிகொப்டர்களில் வெளியேற நேர்ந்தது.

உயிர் தப்பிய உழவர் பின்னர் எதனை நாடினர்? தாம் விட்டுவந்த மீன்களையும் எருதுகளையுமே நாடினர். எஞ்சிய மீன்களுட் சிலவும் ஹெலிகொப்டரிலே மலையிலிருந்து இறக்கப்பட்டன. வீடிழந்தவன் மீனுக்காக வருந்துவதா என்று ஒருவர் வினவலாம். அந்தத் தாய்மீன்கள் அழிந்தால், இருநூறு ஆண்டுகளாகத் தெரிந்து தெரிந்து சேர்த்த பரம்பரையே அழியும். எத்துணைப் பொருள் கொடுத்தும் அதனை மீண்டும் பெறல் இயலாது. இதனை அவ்வுழவர் நன்கு அறிந்திருந்தனர். 2005 ஆம் ஆண்டில் யமகோஷி நாகஓகா நகரசபையுடன் இணைக்கப்பட்டது. மக்களிற் பலர் 2007 ஆம் ஆண்டளவில் ஊருக்கு மீண்டனர். மீளாது போனவரும் உளர். சரிந்த குளங்கள் பல மீண்டும் வெட்டப்பட்டன. 2017 ஆம் ஆண்டிலே, பனிநீரால் நெல்லும் கெண்டையும் வளர்க்கும் அப்பகுதியின் முறையை யப்பானிய விவசாய அமைச்சு தேசிய முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபாக அறிவித்தது.

இவ்வரலாறு, தம் வீட்டிலே தடாகம் அமைக்க விரும்புவோர்க்கு ஒரு பாடத்தைப் புகட்டுகின்றது. மலையுழவர் வளர்த்தது மீனையன்று, முதலில் நீரையே. மலைக்குளத்துக்கு ஊற்று நீர் வந்துகொண்டிருக்கும். அழுக்கை மண்ணும் நீரோட்டமும் தாங்கும். வீட்டுத் தடாகத்துக்கோ அவ்வாய்ப்பு இல்லை. மீனின் கழிவிலிருந்து அமோனியா என்னும் நஞ்சு நீரிலே சேரும். கூழாங்கல் முதலியன நிரப்பிய வடிதொட்டியிலே குடியேறும் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், பின்னர் ஊறு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும். இப்பற்றீரியாக்கள் பெருகச் சில வாரங்கள் வேண்டும். ஆதலால் புதிய தடாகத்திலே ஒரே நாளில் பல மீன்களை விடுதல் அவற்றைக் கொல்வதற்கு ஒப்பாகும்.

தடாகம் ஒரு மீற்றருக்குக் குறையாத ஆழமுடையதாயிருத்தல் நன்று; கொய் மீன் அரை மீற்றருக்கு மேலும் வளருமன்றோ? புதிய சீமெந்துத் தொட்டியைப் பலமுறை நீர் நிரப்பி வடித்து, சுண்ணாம்பின் காரம் நீங்கிய பின்னரே மீனை விடல் வேண்டும். குழாய் நீரிலுள்ள குளோரீன் மீனுக்கும் பற்றீரியாவுக்கும் பகை; அதனை நீக்கியே நீரைச் சேர்த்தல் வேண்டும். வெப்பமான நீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையுமாதலால், வெப்ப நாடுகளில் நிழலும் இடையறாத நீரோட்டமும் இன்றியமையாதன. சில நிமிடங்களில் உண்டு முடிக்கும் அளவுக்கே இரை இடுக. எஞ்சிய இரையும் நஞ்சாகும். புதிதாக வாங்கிய மீனைச் சில வாரம் தனித்தொட்டியில் வைத்து நோக்குக. 2003 ஆம் ஆண்டில் யப்பானின் கசுமிகஉரா ஏரியிலே கொய் வைரசு நோயால் எண்ணிறந்த கெண்டைகள் மாண்டமை இவ்வெச்சரிக்கையின் அவசியத்தைக் காட்டும். வளர்க்க இயலாத மீனை ஆற்றிலோ குளத்திலோ விடுதலும் தகாது. சேற்றைக் கிளறி நீரைக் கலக்கி, அங்குள்ள உயிர்களுக்கு அது கேடு செய்யும்.

பிறர் உண்டிருக்கக்கூடிய ஒரு சிறு குஞ்சை ஓர் உழவன் தனியே எடுத்து வேறு நீரில் விட்டான். அச்சிறு செயலின் பயனை இன்று உலகமெங்கும் தடாகங்களிலே காண்கின்றோம். அழகிய மீனை விலை கொடுத்து வாங்கிவிடலாம்; அதனை வாழவைக்கும் நீரையோ நாள்தோறும் பேணியே பெறல் வேண்டும். நிலம் பிளந்து நீர் வடிந்த பின்னரும் மீண்டும் மண்வெட்டியை எடுத்த அம்மலை மக்கள் நமக்கு உணர்த்தும் உண்மை இதுவேயாம்.