வீட்டிலேயே ஆறிய நோய்

சளியில் கிருமி இருக்கிறது என்று சொன்னதும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி என் காலம் முழுக்க மாறவே இல்லை. "எங்கம்மா சேர்க்கணும்? தாம்பரத்துக்குக் கூட்டிட்டுப் போகணுமா?" வடசென்னையில் டி.பி. ஹெல்த் விசிட்டராக இருந்தவள் நான். புளியந்தோப்பு, வியாசர்பாடி, பேசின் பாலம் பக்கத்துச் சந்துகள் எல்லாம் எனக்குப் பழக்கம். பெரும்பாலான வீடுகளில் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: "எங்கயும் சேர்க்க வேண்டாம்மா. வீட்ல இருந்தே மாத்திரை சாப்பிடலாம். உடம்பு தேறினதும் வேலைக்கும் போகலாம்." கேட்டவர் முகத்தில் நிம்மதி வரும், கூடவே ஒரு சந்தேகமும் வரும். நம்மிடம் காசில்லை என்றுதான் ஆஸ்பத்திரியில் இடம் தராமல் அனுப்புகிறார்களோ என்ற சந்தேகம் அது.

அந்தச் சந்தேகத்துக்கு விடை நம்ம ஊரிலேயே, சேத்துப்பட்டில் கிடைத்தது. உலகம் முழுக்கக் காசநோய் வைத்தியத்தை மாற்றிய விடை அது. சென்னையில் இருப்பவர்களுக்கே அது தெரியவில்லை என்பது எனக்கு நீண்ட நாள் ஆதங்கம்.

மருந்து வருவதற்கு முன்பு காசநோய் வைத்தியம் என்றால் சானடோரியம்தான். ஊருக்கு வெளியே மரங்கள் சூழ்ந்த இடம், திறந்த ஜன்னல்கள், மாதக்கணக்கில் படுக்கை, பால், முட்டை, அளந்து நடக்கிற நடை. சில பேருக்கு நெஞ்சுக்கூட்டுக்குள் ஊசி வழியே காற்றைச் செலுத்தி, புண்பட்ட நுரையீரலைச் சுருங்க வைத்து ஓய்வு கொடுப்பார்கள். இன்னும் சிலருக்கு விலா எலும்புகளையே எடுத்துவிடுவார்கள். ஆந்திரத்தில் மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரம், நம் பக்கத்தில் தாம்பரம் என்று இவை எழுந்தன. தாம்பரத்து சானடோரியத்தை 1928-ல் தொடங்கியவர் டாக்டர் சௌரி முத்து. குரோம்பேட்டைக்கு அடுத்து மின்சார ரயிலில் இறங்குகிறோமே, அந்த ஸ்டேஷனுக்குப் பெயர் வந்தது இதனால்தான்.

சௌரி முத்து அதற்கு முன்பு இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் ஒரு சானடோரியம் நடத்தி வந்தார். 1917-ல் கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்தில் நோயில் விழுந்தபோது, காசநோய் என்று கருதி அனுப்பப்பட்ட இடங்களில் அதுவும் ஒன்று. அவருக்கு வந்தது காசநோய்தானா என்று பிற்கால மருத்துவர்கள் சந்தேகம் எழுப்பியிருக்கிறார்கள். எதுவாக இருந்தாலும், குளிர்ந்த காற்றும் ஓய்வும் தவிர வேறு எதையும் கொடுக்க அன்றைய மருத்துவத்திடம் இல்லை. ஊர் திரும்பிய ராமானுஜன் 1920 ஏப்ரலில், 32 வயதில், சேத்துப்பட்டில் ஒரு வீட்டில் இறந்தார். அதே சேத்துப்பட்டில் 36 வருஷம் கழித்து, நான் சொன்ன அந்த விடையைத் தந்த ஆராய்ச்சி தொடங்கியது.

இடையில் மருந்துகள் வந்துவிட்டன. 1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின், சில வருஷங்களில் பாஸ், 1952-ல் ஐசோனையசிட். ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் தனியாகக் கொடுத்தால் சில மாதங்களில் கிருமி அதற்கு மசியாமல் போய்விடுகிறது என்பது முதல் சில வருஷங்களிலேயே தெரிந்துவிட்டது. இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால்தான் கிருமி ஒழியும். ஆனால் மருந்து வந்த பிறகும் சானடோரியம் போகவில்லை. பணக்கார நாடுகளில் மருந்தையும் படுக்கையிலேயே வைத்துக் கொடுத்தார்கள். இங்கே நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், படுக்கைகளோ அதில் மிகச் சிறு பகுதிக்குத்தான். வரிசையில் காத்திருந்தே செத்துப்போனவர்கள் ஏராளம்.

1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து ஸ்பர் டேங்க் ரோட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. லண்டனிலிருந்து வந்த டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதை வழிநடத்தினார். கேள்வி எளிமையானது: அதே மருந்தை வீட்டிலிருந்தபடி சாப்பிட்டால் நோய் ஆறுமா, ஆறாதா?

நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேர். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதை மருத்துவர்கள் தங்கள் விருப்பப்படி முடிவு செய்யவில்லை, குலுக்கல் முறையில் பிரித்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே மருந்து, ஐசோனையசிட்டும் பாஸும், ஒரு வருஷத்துக்கு. சானடோரியத்துக்குப் போனவர்களுக்கு நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்று, பக்கத்திலேயே நர்ஸ். வீட்டில் இருந்தவர்களுக்கு ஒரே அறையில் ஆறு ஏழு பேர், அரைவயிற்றுச் சாப்பாடு, கொஞ்சம் தெம்பு வந்ததுமே வேலை.

பாஸ் என்பது என்ன மாதிரி மருந்து என்று எனக்குச் சொன்னவர் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்த ஹெல்த் விசிட்டர் அக்கா. ஒரு நாளைக்கு கிராம் கணக்கில் விழுங்க வேண்டும். வயிற்றைப் புரட்டும், வாந்தி வரும், பேதியாகும். ஒரு வருஷம் விடாமல் அதைச் சாப்பிடுவது லேசான காரியம் இல்லை. அதனால் சேத்துப்பட்டு மையத்திலிருந்து ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போவார்கள். மீதி மருந்தை எண்ணிப் பார்ப்பார்கள். சிறுநீரைப் பரிசோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்ப்பார்கள். என் வேலைக்கான முதல் பாடத்தை எழுதியவர்கள் அவர்கள்தான் என்று நினைக்கிறேன்.

1959-ல் முடிவு வெளியானது. ஒரு வருஷம் கழித்து சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது, வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு. ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தபோது அந்தச் சின்ன வித்தியாசமும் கரைந்து போனது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சதை பிடித்தது உண்மை, எடை நன்றாகக் கூடியது. ஆனால் கிருமி செத்தது மருந்தால். குடும்பத்தை விட்டுப் பிரிந்து இருக்க முடியாமல் பாதியில் கிளம்பிப் போனவர்களும் சானடோரியம் பக்கம்தான் அதிகம்.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொரு முடிவு. வீட்டில் வைத்தியம் பார்த்தால் கூட இருக்கிற பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளாதா என்றுதான் எல்லோரும் பயந்தார்கள். குடும்பத்தாரையும் ஐந்து வருஷம் பரிசோதித்தார்கள். நோயாளியை வீட்டில் வைத்திருந்த குடும்பங்களில் நோய் கூடுதலாக வரவில்லை. பரவ வேண்டியது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே, மாதக்கணக்கில் இருமிக்கொண்டிருந்தபோதே பரவிவிடுகிறது. மருந்து ஆரம்பித்தால் பரவுவது சீக்கிரமே குறைந்துவிடுகிறது.

இதை வைத்துக்கொண்டு எத்தனை வீடுகளில் மல்லுக்கட்டியிருக்கிறேன்! புளியந்தோப்பில் ஒரு மருமகள், வயது இருபதைத் தாண்டியிருக்காது. அவளுக்கென்று ஒரு அலுமினியத் தட்டு, டம்ளர், வாசல் பக்கம் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். கைக்குழந்தையை மாமியார் வாங்கி வைத்துக்கொண்டார். பாயும் வேறு. ஆனால் எல்லோரும் படுக்கிற அந்த ஒரே அறையில் இருந்த ஒரே ஜன்னலை, பீரோவை நகர்த்தி மூடியிருந்தார்கள். "அத்தை, தட்டுல எதுவும் ஒட்டாது. இது காத்துல வர்றது. மொதல்ல அந்த பீரோவ நகர்த்துங்க, காத்து வரட்டும். குழந்தைய டாக்டர்கிட்ட காட்டி, வராம இருக்க மருந்து வாங்கிக் கொடுப்போம்" என்றேன். பீரோவை நகர்த்த அவர் மகனும் நானும் சேர்ந்துதான் கை கொடுத்தோம். தட்டு உள்ளே போக இன்னும் சில வாரம் ஆனது.

சேத்துப்பட்டு முடிவுக்குப் பிறகு உலகமெங்கும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, அல்லது வேறு வகை ஆஸ்பத்திரிகளாக மாறின. இந்தியாவில் 1962-ல் வந்த தேசிய காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை நம்பியே எழுந்தது. ஆளை எதிரில் வைத்து, பார்த்துக்கொண்டே மாத்திரை விழுங்க வைக்கும் முறைக்கும் 1960-களில் சென்னையில் செய்த ஆய்வுகள் வழி காட்டின. வாரம் இரண்டு முறை ஊசியும் மாத்திரையும் கண்ணெதிரே கொடுத்துப் பார்த்தார்கள், பலித்தது. பிற்பாடு டாட்ஸ் என்று உலகம் முழுக்கப் போனது அந்த யோசனைதான். ரிஃபாம்பிசின் வந்த பிறகு ஒரு வருஷ வைத்தியம் ஆறு மாதமாகச் சுருங்கியது. அந்த மாத்திரை போட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். ரத்தம் போகிறது என்று பதறி மாத்திரையை நிறுத்தியவர்களைத் தேடி ஓடியிருக்கிறேன். முதல் நாளே இதைச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் மாதத்தில் இருமல் நின்று பசி எடுக்க ஆரம்பித்ததும் மாத்திரையை விடுகிறவர்கள்தான் அதிகம். நோய் திரும்ப வரும்போது பழைய மருந்துக்கு மசியாத கிருமியாக வரக்கூடும். அந்த மாதிரி நோய்க்கு முன்பெல்லாம் இரண்டு வருஷம் வரை ஊசியும் மாத்திரையுமாக வைத்தியம் இழுத்தது, சில பேருக்குக் காதே கேட்காமல் போனது. இப்போது அந்த வகைக்கும் ஊசியில்லாமல் மாத்திரைகளாலேயே ஆறு மாதத்தில் முடிக்கும் மருந்துக் கூட்டை 2022-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது, இந்தியாவும் 2024-ல் அதை ஏற்றது. என்னோடு வேலை பார்த்தவர்களுக்கு இது கண்ணில் நீர் வர வைக்கிற செய்தி.

இனி சாப்பாட்டு விஷயம். சேத்துப்பட்டு ஆய்வை வாசித்த உலகம், "சாப்பாடு இல்லாவிட்டாலும் மருந்து வேலை செய்யும்" என்று எடுத்துக்கொண்டது. அது சரிதான், ஏழைக்கு அது பெரிய வரம். ஆனால் காலப்போக்கில் "சாப்பாடு முக்கியமில்லை" என்று அதைப் படித்துவிட்டார்கள். ஆய்வு கேட்ட கேள்வி, மருந்து சாப்பிடுகிறவருக்கு நோய் ஆறுமா என்பது. நோய் யாருக்கு வருகிறது, மருந்து ஆரம்பித்தும் யார் சாகிறார்கள் என்பது அந்தக் கேள்விக்குள் இல்லை. மாத்திரை ஆரம்பித்து முதல் இரண்டு மாதத்துக்குள் போய்விடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டு, பாதம் வீங்கி, எழுந்து நிற்க ஆள் வேண்டியிருந்தவர்கள் அவர்கள்.

அந்த விடுபட்ட கேள்விக்கு 2023-ல் ஜார்க்கண்டிலிருந்து பதில் வந்தது. டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா இருவரும் முன்னின்று நடத்திய ஆய்வு அது. நான்கு மாவட்டங்களில் 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டு ஆட்கள் பத்தாயிரத்துக்கும் மேல். நோயாளிகள் எல்லோருக்கும் உணவு கொடுத்தார்கள். பாதிக் குடும்பங்களில் வீட்டு ஆட்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சத்து மாத்திரை. அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. மற்றவர்களுக்குப் பரவக்கூடிய நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை கூடிய நோயாளிகள் இறப்பது வெகுவாகக் குறைந்தது. தடுப்பூசிக்கு நிகரான பலன் அரிசியிலும் பருப்பிலும் இருந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இதே இடத்தில்தான் கை வைக்கிறது. நோய் என்று தெரிந்த அன்றே எடையும் உயரமும் பார்க்கிறார்கள், காலில் வீக்கம் உண்டா, மூச்சு நிமிஷத்துக்கு எத்தனை, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். மோசமாக இருப்பவரை மட்டும் உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். எங்கே சேர்க்கணும் என்று கேட்டவர்களில் சிலருக்கு அந்தக் கேள்வி சரியான கேள்விதான்.

இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியவை சில உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, காரணமில்லாமல் எடை குறைவது, சளியில் ரத்தம் இவற்றில் எது இருந்தாலும் இருமல் சிரப்போடு நிற்காதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம். காலையில் எழுந்ததும் வாய் கொப்பளித்து, ஆழமாக மூச்சிழுத்து, அடிநெஞ்சிலிருந்து இருமி எடுங்கள். வெறும் எச்சில் துப்பிக் கொடுத்தால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். நோய் வந்த வீட்டில் எல்லோரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

நோயாளிக்கு அரசு மாதந்தோறும் தரும் உணவுப் பணம் 2018-ல் 500 ரூபாயாக ஆரம்பித்தது, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். அந்தப் பணம் அக்கவுன்டில் விழுந்தால் முதலில் வாடகைக்குப் போகும், அதுதான் நடைமுறை. வீட்டு ஆட்களுக்கும் உணவுக் கூடை தரலாம் என்று இப்போது அறிவித்திருக்கிறார்கள், ஆனால் அது மனமுவந்து கொடுக்கிறவர்களை நம்பி இருக்கிறது. தெருவுக்குத் தெரு ரேஷன் கடை இருக்கிற மாநிலம் இது. அரிசி ஏற்கெனவே இலவசம். காசநோய் கார்டைக் காட்டினால் அந்தக் குடும்பத்தில் ஆளுக்கு ஒன்றரை கிலோ பருப்பு, ஆறு மாதத்துக்கு அதே கடையில் அளந்து போடுவதற்குப் புதுக் கட்டடமோ புது இலாகாவோ வேண்டியதில்லை. ஓர் அரசாணை போதும்.