நார்போக் ஆலயங்களும் பழைய படங்களும்



இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள நார்போக் மாவட்டத்தில், மத்திய காலத்தில் எழுப்பப்பட்ட ஆலயங்கள் 650-க்கு மேல் நிற்கின்றன. அந்நாட்டின் வேறெந்த மாவட்டத்திலும் இத்தனை இல்லை. கம்பளி வணிகத்தில் வந்த செல்வமும் ஊர் மக்களின் பக்தியும் சேர்ந்து இவற்றைக் கட்டின. 120-க்கும் மேற்பட்ட ஆலயங்களுக்கு வட்டமான கோபுரம் உண்டு. அங்கே கிடைப்பது சிக்கிமுக்கிக் கல். அதைக் கொண்டு கோபுரத்துக்குச் சதுர மூலை அமைப்பது கடினம். அதனால்தான் வட்டமாகக் கட்டினார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம்.

16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசு உரோமையோடு உறவை முறித்துக்கொண்ட பின் இவ்வாலயங்கள் ஆங்கிலிக்கன் சபைக்கு உரியவையாயின. ஆயினும் நம் முன்னோரின் விசுவாச வரலாறும் அவற்றில் பதிந்திருக்கிறது. அந்த வரலாற்றைக் காத்துத் தருவதில் படங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

வரைந்தவர்களும் படம் பிடித்தவர்களும்

புகைப்படக் கருவி வருமுன்பே, நார்விச் நகர ஓவியர் ராபர்ட் லாட்புரூக்கும் அவருடைய மகனும் 1820களிலும் 1830களிலும் நார்போக் ஆலயங்களைக் கல்லச்சுப் படங்களாக்கினார்கள். அவை 600-க்கும் அதிகம். பின்னாளில் பல ஆலயங்கள் பெரிய அளவில் புதுப்பிக்கப்பட்டன. ஆகவே ஓர் ஆலயம் முன்பு எப்படி இருந்தது என்று அறிய இப்படங்களே துணை.

1886ஆம் ஆண்டு பீட்டர் ஹென்றி எமர்சன் என்னும் புகைப்படக் கலைஞர், ஓவியர் தாமஸ் குடாலுடன் சேர்ந்து, நார்போக் நீர்நிலைப் பகுதியின் வாழ்க்கையை ஒரு படநூலாக வெளியிட்டார். நாணல் அறுப்போர், படகோட்டிகள், வயலில் உழைப்போர் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். அந்தக் கோபுரங்களின் நிழலில் வாழ்ந்த எளிய மக்களின் முகங்களை அங்கே காண்கிறோம்.

ஜார்ஜ் பிளங்கெட் என்பவர் 1931 முதல் நார்விச் நகரத்தைத் தெருத் தெருவாகப் படம் எடுத்து வந்தார். 1942இல் ஜெர்மானிய விமானங்கள் அந்நகர்மீது குண்டு வீசின. புனித பெனடிக்ட் ஆலயத்தின் வட்டக் கோபுரம் மட்டும் மிஞ்சியது. இறையன்பின் வெளிப்பாடுகளை எழுதிய ஜூலியன் அம்மையார் தனித்து வாழ்ந்து செபித்த புனித ஜூலியன் ஆலயமும் இடிந்து, 1953இல் மீண்டும் கட்டப்பட்டது. போருக்கு முன் எடுத்த படங்கள் இல்லையென்றால், இழந்தது இன்னதென்று பின்வந்தவர்களுக்குத் தெரிந்திராது.

முத்திரையில் தங்கிய அன்னை

வால்சிங்காம் அன்னையின் திருத்தலம் 1061இல் தொடங்கியது என்பது மரபு. 1538இல் எட்டாம் ஹென்றி அரசரின் ஆட்சியில் அங்கிருந்த துறவு மடம் மூடப்பட்டது. அன்னையின் சொரூபம் இலண்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டு எரிக்கப்பட்டது. ஆனால் மடத்தின் முத்திரையில் அன்னை குழந்தை இயேசுவை மடியில் வைத்து அமர்ந்திருக்கும் உருவம் இருந்தது. அந்தச் சிறிய அச்சு அழியவில்லை. 20ஆம் நூற்றாண்டில் ஆங்கிலிக்கன் மக்களும் கத்தோலிக்கரும் அதைப் பார்த்தே தங்கள் புதிய சொரூபங்களைச் செய்துகொண்டார்கள்.

திருத்தலத்துக்கு ஒரு மைல் முன்னால், திருப்பயணிகள் காலணிகளைக் கழற்றிவிட்டு நடந்ததாகச் சொல்லப்படும் ஸ்லிப்பர் சிற்றாலயம் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அது பின்னாளில் கொட்டிலாகவும் களஞ்சியமாகவும் பயன்பட்டது. சார்லட் பியர்சன் பாய்டு என்ற பெண்மணி அதை விலைக்கு வாங்கிச் சீரமைத்தார். 1897இல் மீண்டும் திருப்பயணம் தொடங்கியது. 1934இல் அது கத்தோலிக்கரின் தேசியத் திருத்தலமானது. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் அத்திருத்தலத்தைப் பசிலிக்காவாக உயர்த்தினார். பிரித்தானியாவில் வாழும் தமிழ்க் கத்தோலிக்கரும் ஆண்டுதோறும் கோடையில் பெருந்திரளாக அங்கே கூடுகிறார்கள்.

வால்சிங்காமுக்கு அருகில் உள்ள பின்ஹாம் ஆலயத்தில் ஒரு மரத்தடுப்பு உண்டு. சீர்திருத்தக் காலத்தில் அதிலிருந்த புனிதர்களின் ஓவியங்கள்மேல் வெள்ளை பூசி, விவிலிய வசனங்களை எழுதினார்கள். காலப்போக்கில் பூச்சு உதிர்ந்தது. இப்போது எழுத்துகளின் இடையே புனிதர்களின் முகங்கள் தெரிகின்றன.

நம்மைச் சுடும் படங்கள்

கிராமத்து மெதடிஸ்ட் சிற்றாலயங்களையும் மறக்கலாகாது. விவசாயத் தொழிலாளர்கள் பேசவும் ஒன்றுகூடவும் பழகிய இடங்கள் அவை. வாசிக்கத் தெரியாதிருந்த ஜார்ஜ் எட்வர்ட்ஸ், மனைவியின் உதவியால் எழுத்தறிந்து போதகரானார். 1906இல் தொழிலாளர் சங்கம் ஒன்றை அமைத்தார். பின் பாராளுமன்ற உறுப்பினரானார்.

1914 ஏப்ரல் முதல் நாள் பர்ஸ்டன் கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகள் தெருவில் ஊர்வலமாகச் சென்றார்கள். ஏழைகளின் பக்கம் நின்ற தங்கள் ஆசிரியர்களான ஹிக்டன் தம்பதியர் நீக்கப்பட்டதற்கு அது எதிர்ப்பு. நீக்கிய பள்ளி நிர்வாகத்தை நடத்தியவர் அவ்வூர் ஆங்கிலிக்கன் பங்குக் குருவே. தம்மை எதிர்த்த ஏழைகளை ஆலய நிலத்திலிருந்தும் அவர் வெளியேற்றினார். மக்கள் எழுப்பிய மாற்றுப் பள்ளி 1939 வரை நடந்தது. அட்டைகளை ஏந்தி நிற்கும் அந்தப் பிள்ளைகளின் படத்தைக் குருக்களாகிய நாம் நேராகப் பார்க்க வேண்டும். ஆலயத்தின் அழகைக் காட்டும் படத்தோடு, அதன் வாசலில் மறுக்கப்பட்ட நீதியைக் காட்டும் படமும் திருச்சபை வரலாற்றைச் சேர்ந்ததே.

நமக்கும் ஒரு கடமை

1942இல் இராணுவப் பயிற்சிக்காக டாட்டிங்டன், ஸ்டான்போர்ட் முதலிய கிராமங்களின் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். போர் முடிந்ததும் திரும்பலாம் என்று நம்பிப் போனவர்களுக்கு ஊர் திரும்பக் கிடைக்கவில்லை. ஆலயங்கள் நான்கு மட்டும் பயிற்சிப் பகுதிக்குள் நிற்கின்றன. அத்தகைய மக்களுக்குப் பெட்டியில் இருக்கும் பழைய படமே ஊர்.

நம் பங்குகளிலும் பழைய ஆலயத்தின் படம், முதல் நற்கருணை விழாப் படம், தேர்ப்பவனிப் படம் எல்லாம் வீடுகளிலும் அலமாரிகளிலும் கிடக்கின்றன. படத்தில் இருப்பவர்களின் பெயரும் ஆண்டும் தெரிந்த பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு, படத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதி வைப்போம். ஒரு நகல் எடுத்துப் பங்கு அலுவலகத்தில் சேர்ப்போம். விழா மேடையில் நின்றவர்களின் பெயரோடு, பந்தல் போட்டவர்களின் பெயரையும் சேர்த்து எழுதுவோம்.