லண்டனில் கேட்ட சாட்சியம்: இந்தியாவை விசாரித்த நாடாளுமன்றக் குழுக்கள்

1772 ஏப்ரலில் பிரிட்டிஷ் காமன்ஸ் சபை, கிழக்கிந்தியக் கம்பெனியின் நடவடிக்கைகளை ஆராய 31 பேர் கொண்ட தெரிவுக்குழுவை அமைத்தது. அதற்குத் தலைவர் ஜெனரல் ஜான் பர்கோய்ன். வங்காளத்தின் பெரும்பஞ்சத்தில் மக்கள் கொத்துக்கொத்தாக மடிந்த செய்தியும், அங்கே வேலை பார்த்துத் திரும்பிய கம்பெனி அதிகாரிகள் கொண்டுவந்த செல்வமும் ஒரே காலத்தில் லண்டனில் பேசப்பட்டன. அந்த ஆண்டே கம்பெனி கடனில் சிக்கி அரசிடம் கையேந்தியது. நவம்பரில் 13 பேர் கொண்ட இன்னொரு குழு, கணக்குகளைப் பார்க்க இரகசியமாகக் கூடத் தொடங்கியது. இந்தியாவை எப்படி ஆள்வது என்ற கேள்விக்குச் சாட்சிகளை அழைத்து, கேள்வி கேட்டு, பதிலை எழுதிவைத்து விடை தேடும் வழக்கம் இந்த இரு குழுக்களோடு வேரூன்றியது. அடுத்த 160 ஆண்டுகளுக்கு அது ஓயவில்லை.

காமன்ஸ் சபை உறுப்பினரான ராபர்ட் கிளைவே சாட்சியாக உட்கார வேண்டியிருந்தது. பிளாசிப் போருக்குப் பின் அவர் பெற்ற பணத்தைப் பற்றிய கேள்விகள் கடுமையாக இருந்தன. 1773 மே மாதத்தில் சபை இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றியது. அவர் 2,34,000 பவுன் பெற்றார் என்றது ஒன்று. நாட்டுக்குப் பெரிய சேவை செய்தவர் என்றது மற்றது. தண்டனை எதுவும் இல்லை. ஆனால் அதே ஆண்டு வந்த ஒழுங்குமுறைச் சட்டம் கம்பெனியின் ஆட்சியை முதன்முறையாக நாடாளுமன்றத்தின் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது.

அடுத்த அலையை எழுப்பியது தமிழ்நாட்டில் நடந்த ஒரு தோல்வி. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஹைதர் அலியின் படை கர்னல் பெய்லியின் படையை நிர்மூலமாக்கியது. இந்தக் கர்நாடகப் போரின் காரணங்களை விசாரிக்க 1781-இல் ஹென்றி டண்டாஸ் தலைமையில் இரகசியக் குழு ஒன்று அமைந்தது. எட்மண்ட் பர்க்கின் செல்வாக்கு ஓங்கியிருந்த இன்னொரு தெரிவுக்குழு வங்காள விவகாரங்களைத் துருவியது. அதன் ஒன்பதாவது அறிக்கை 1783-இல் வெளிவந்தது. இந்தியாவிலிருந்து பொருள் போகிறது, ஈடாக எதுவும் வருவதில்லை என்பதை அது கணக்கோடு காட்டியது. தாதாபாய் நௌரோஜி செல்வச் சுரண்டலைப் பற்றி எழுதுவதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் முன்பே ஒரு நாடாளுமன்றக் குழு அதைச் சொல்லிவிட்டது. பிட்டின் இந்தியச் சட்டம் 1784-இல் வந்தது. கம்பெனிக்கு மேலே கட்டுப்பாட்டு வாரியம் அமர்ந்தது.

கம்பெனியின் பட்டயம் 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டது: 1793, 1813, 1833, 1853. புதுப்பிக்கும் காலம் நெருங்கும்போதெல்லாம் குழுக்கள் கூடின. இவற்றுள் தமிழ்நாட்டு வரலாற்றை ஆழமாகத் தொட்டது 1808-இல் அமைந்த குழு. அதன் ஐந்தாவது அறிக்கை 1812 ஜூலையில் வந்தது. சென்னை மாகாணத்தைப் பற்றிய பகுதியைத் தயாரித்தவர் கட்டுப்பாட்டு வாரியத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் கம்மிங். பாராமகால் கலெக்டர்களின் கடிதங்களும், செங்கல்பட்டு ஜாகீரின் மிராசு உரிமைகளைப் பற்றி லயனல் பிளேஸ் எழுதிய அறிக்கையும் லண்டனில் அச்சேறின. மணியக்காரர், கர்ணம், தலையாரி, தோட்டி தொடங்கி குயவர், வண்ணார், நாவிதர், சோதிடர் வரை ஒரு கிராமத்தின் ஊழியர்களையெல்லாம் அந்த அறிக்கை வரிசைப்படுத்தியது. நிலவரிச் சொற்கள் லண்டன் உறுப்பினர்களுக்குப் புரியவில்லை என்பதால், சார்லஸ் வில்கின்ஸ் தொகுத்த சொல்லகராதி ஒன்று 1813-இல் அதனுடன் சேர்க்கப்பட்டது. தன்னிறைவு கொண்ட, மாறாத இந்தியக் கிராமம் என்ற சித்திரம் உலகெங்கும் பரவியதற்கு இந்த அறிக்கை ஒரு முக்கியக் காரணம். 1853-இல் கார்ல் மார்க்ஸ் நியூயார்க் பத்திரிகைக்கு எழுதிய கட்டுரையிலும் இதன் பகுதிகளைக் காணலாம். வரி வசூலுக்காகத் திரட்டிய தகவல்களிலிருந்து உருவான சித்திரம் அது. சாதியின் கொடுமையோ, நிலமற்ற பண்ணையாட்களின் வாழ்வோ அதில் உரிய இடம் பெறவில்லை.

உழவரிடம் அரசு நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறையின் பக்கம் ஐந்தாவது அறிக்கை சாய்ந்தது. அதன் நாயகன் தாமஸ் மன்றோ அப்போது இங்கிலாந்தில் விடுப்பில் இருந்தார். 1813-இல் பட்டய விசாரணை தொடங்கியதும் காமன்ஸ் சபை அவரைச் சாட்சியாக அழைத்தது. ஏறத்தாழ 80 வயதான முன்னாள் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸும் வந்தார். ஏழாண்டு வழக்கில் அவரைக் கூண்டிலேற்றிய அதே சபையின் உறுப்பினர்கள், சாட்சியம் முடிந்து அவர் வெளியேறியபோது தொப்பியைக் கழற்றி எழுந்து நின்றார்கள்.

உறுப்பினர்களுக்கு வேண்டிய விடை ஒன்றுதான்: கம்பெனியின் தனியுரிமையை நீக்கி வணிகத்தைத் திறந்துவிட்டால் இந்தியர்கள் பிரிட்டிஷ் சரக்கை வாங்குவார்களா? மன்றோ அதற்கு நம்பிக்கை தரவில்லை. இந்தியர்களின் தேவைகள் எளியவை, அவர்களுக்கு வேண்டியதை அவர்களே நன்றாகச் செய்துகொள்கிறார்கள் என்றார். ஓர் இந்தியச் சால்வையை ஏழு ஆண்டுகள் பயன்படுத்தியும் அது நைந்துபோகவில்லை, ஐரோப்பிய நகலை இலவசமாகக் கொடுத்தாலும் தாம் போர்த்தமாட்டேன் என்று சொன்னார். நாகரிகத்தையே இரு நாடுகளும் பண்டமாக மாற்றிக்கொண்டால் இறக்குமதியில் லாபம் இங்கிலாந்துக்குத்தான் என்றும் கருத்துரைத்தார். துறைமுக நகரங்களின் வணிகர்களும் ஆலை முதலாளிகளும் அனுப்பிய மனுக்கள் அந்தச் சாட்சியத்தை விட வலுவாக இருந்தன. தேயிலையும் சீன வணிகமும் தவிர மற்றவை அனைவருக்கும் திறந்துவிடப்பட்டன. சில பத்தாண்டுகளில் மான்செஸ்டரின் இயந்திரத் துணி இந்தியச் சந்தையை நிரப்பியது. மன்றோவின் கணிப்பு பொய்த்தது. அவர் நெசவாளரின் கைத்திறனை அறிந்திருந்தார். நீராவியின் வேகத்தையும் சுங்க வரியின் சார்பையும் அவர் கணக்கில் எடுக்கவில்லை. அந்தத் திறனைக் கொண்ட நெசவாளர் ஒருவரைக்கூடச் சபை கேட்கவில்லை.

1814-இல் மன்றோ நீதித்துறைச் சீர்திருத்த ஆணையத்தின் தலைவராகச் சென்னைக்குத் திரும்பினார். 1816-இன் ஒழுங்குமுறைகள் போலீஸ் அதிகாரத்தை நீதிபதிகளிடமிருந்து எடுத்துக் கலெக்டரிடம் கொடுத்தன. கலெக்டருக்குக் கீழே தாசில்தாரும் கிராம அதிகாரிகளும் வரியையும் வசூலித்தார்கள், காவலையும் கவனித்தார்கள். மன்றோ ஆளுநரான 1820-இல் ரயத்துவாரி மாகாணத்தின் பெரும்பகுதிக்கு வந்தது. வரி கேட்பவனும் சிறைப்பிடிப்பவனும் ஒரே ஆளாக இருந்த இந்த ஏற்பாட்டின் விளைவை 30 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து இன்னொரு விசாரணைதான் வெளிக்கொண்டுவந்தது.

இடையில் 1831-32-இல் நடந்த விசாரணைக்கு ராஜா ராம்மோகன் ராய் நீதித்துறை, நிலவரி பற்றிய கேள்விகளுக்கு எழுத்துமூலம் பதில் தந்தார். 1833 சட்டம் கம்பெனியின் வணிகத்தை முடித்துவைத்தது.

1852-இல் காஜுலு லட்சுமிநரசு செட்டியின் முன்முயற்சியில் சென்னைச் சுதேசிகள் சங்கம் உருவானது. அவர் நீலம், துணி வணிகக் குடும்பத்தைச் சேர்ந்தவர். 'கிரெசென்ட்' என்ற ஆங்கிலப் பத்திரிகையை நடத்தியவர். பட்டயம் மீண்டும் புதுப்பிக்கப்பட இருந்ததால் இரு சபைகளிலும் குழுக்கள் சாட்சியம் கேட்டுக்கொண்டிருந்தன. சங்கம் அந்தத் தருணத்தைத் தவறவிடவில்லை. வரிச்சுமை, நீதிமன்றத் தாமதம், கல்வியின் பற்றாக்குறை ஆகியவற்றோடு, வரி வசூலிக்க உழவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்றும் நாடாளுமன்றத்துக்கு விரிவாக மனு எழுதியது. லண்டனில் பலர் நம்ப மறுத்தார்கள். 1853-இல் டான்பி சீமூர் என்ற உறுப்பினர் நேரில் பார்க்கச் சென்னைக்கு வந்தார். செட்டி அவரை மாவட்டங்களுக்கு அழைத்துச் சென்றார். 1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் விவாதம் எழுந்த பிறகு, சென்னை அரசு எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட ஆணையத்தை நியமித்தது.

இந்தச் சித்திரவதை ஆணையம் 1855-இல் தந்த அறிக்கை, சென்னை மாகாணத்தின் உழவர்களின் வாக்குமூலம் பெருமளவில் பதிவான அரிய ஆவணம். விரல்களை நசுக்கும் கிட்டி, உடலை வளைத்துக் கட்டிவைக்கும் அண்ணாந்தாள், வெயிலில் நிறுத்துதல், சாப்பிடவிடாமல் அடைத்துவைத்தல் எல்லாம் அதில் இருக்கின்றன. புகார் கொடுக்கப் பல மைல் நடந்து சென்னைக்கு வந்தவர்களும் உண்டு. வரிப் பணியும் போலீஸ் பணியும் ஒரே கையில் இருப்பதைத்தான் ஆணையம் அடிப்படைக் குறையாகச் சுட்டியது. 1859-ஆம் ஆண்டின் சென்னைப் போலீஸ் சட்டம் தனிப் போலீஸ் படையை உருவாக்கியது. ஆனால் ஆணையம் பழியின் பெரும்பங்கை அடிமட்ட இந்திய ஊழியர்கள்மேல் போட்டது; கண்டுகொள்ளாமல் இருந்த மேலதிகாரிகள் எளிதாகத் தப்பினார்கள். இது அந்த அறிக்கையின் பெருங்குறை.

1852-53 குழுக்களின் சாட்சியத்துக்கு வேறு பலன்களும் கிடைத்தன. அலெக்சாண்டர் டஃப், சார்லஸ் டிரெவெல்யன் போன்றோர் கல்வி பற்றிச் சொன்னவை 1854-இன் உட் கல்வி அறிக்கைக்குப் பின்புலமாயின. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் பிறந்தது அந்த அறிக்கையின் வழியாகத்தான்.

1858-இல் ஆட்சி கம்பெனியிடமிருந்து முடியாட்சிக்கு மாறியதும் 20 ஆண்டுக்கு ஒரு விசாரணை என்ற சுழற்சி நின்றுபோனது. இது இந்தியர்களுக்கு இழப்பே. கம்பெனிமேல் நாடாளுமன்றத்துக்கு இருந்த சந்தேகம், தன் சொந்த அமைச்சரின் இந்திய அலுவலகத்தின்மேல் இருக்கவில்லை. காமன்ஸ் சபை உறுப்பினர் ஹென்றி ஃபாசெட்டின் விடாமுயற்சியோடு 1871 முதல் 1874 வரை இந்திய நிதி பற்றிய குழு ஒன்று இயங்கியது. இந்தியரின் சராசரி ஆண்டு வருமானம் 20 ரூபாய்தான் என்ற தம் கணக்கை நௌரோஜி அதன் முன் வைத்தார். 1897-இல் இந்தியச் செலவினங்களை ஆராய்ந்த வெல்பி ஆணையத்தின் முன் கோகலே, வாச்சா, சுரேந்திரநாத் பானர்ஜி ஆகியோரோடு 'சுதேசமித்திரன்' ஜி. சுப்பிரமணிய ஐயரும் சாட்சியம் சொன்னார். அது அரச ஆணையம். நாடாளுமன்றக் குழு அல்ல. ஆனாலும் அங்கே பதிவான சாட்சியங்கள் காங்கிரஸ் மேடைகளில் பல ஆண்டுகள் பேசப்பட்டன.

இந்தியர்கள் திரளாகச் சாட்சியம் சொன்னது 1919-இல். இந்திய அமைச்சர் மாண்டேகுவின் சீர்திருத்த மசோதாவை ஆராய, செல்போர்ன் பிரபுவின் தலைமையில் இரு சபைகளின் கூட்டுத் தெரிவுக்குழு அமைந்தது. திலகர், அன்னி பெசன்ட், ஜின்னா, சீனிவாச சாஸ்திரி, சரோஜினி நாயுடு எனப் பலர் அதன் முன் வந்தார்கள். முதல் இந்தியப் பிரபுவான எஸ். பி. சின்ஹா குழுவின் உறுப்பினராகவே இருந்தார்.

சென்னையின் பிராமணரல்லாதார் இயக்கத்துக்கு இந்தக் குழு உயிர்நாடியாக இருந்தது. வாக்குரிமையை ஆராய்ந்த முந்தைய சௌத்பரோ குழுவில் சாஸ்திரியும் பானர்ஜியும் உறுப்பினர்களாக இருந்ததால், அந்த இயக்கத்தின் நீதிக்கட்சித் தலைவர்கள் அதைப் புறக்கணித்தார்கள். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்ற அவர்களுடைய கோரிக்கையும் அங்கே ஏற்கப்படவில்லை. எஞ்சிய ஒரே வாய்ப்பு லண்டன். டாக்டர் டி. எம். நாயர் உடல் நலிந்த நிலையில் அங்கே போய்ச் சேர்ந்தார். சாட்சியம் சொல்லும் முன்பே 1919 ஜூலை 17 அன்று இறந்துபோனார். கே. வி. ரெட்டி நாயுடு கட்சியின் வாதத்தை எடுத்துவைத்தார். சென்னையில் பிராமணரல்லாதாருக்கு இடங்களை ஒதுக்க வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. எத்தனை இடங்கள் என்பதில் உள்ளூரில் உடன்பாடு ஏற்படாததால், மெஸ்டன் பிரபுவின் தீர்ப்பு 1920-இல் 28 இடங்களை ஒதுக்கியது.

பெண்களின் வாக்குரிமைக்காகவும் அங்கே சாட்சியம் சொல்லப்பட்டது. சரோஜினி நாயுடுவோடு ஹீராபாய் டாட்டாவும் அவருடைய மகள் மிதனும் வாதாடினார்கள். குழு நேரடியாக உரிமை தரவில்லை. மாகாணச் சட்டசபைகளே முடிவு செய்யட்டும் என்றது. 1921-இல் பெண்களுக்கு வாக்குரிமை தந்த முதல் மாகாணம் சென்னை.

1933-34-இல் லின்லித்கோ பிரபுவின் கூட்டுக்குழுவில் நிலைமை ஒரு படி மாறியது. இந்தியப் பிரதிநிதிகள் குழுவோடு அமர்ந்து சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம். வாக்களிக்கத்தான் உரிமை இல்லை. அம்பேத்கர், ஏ. ராமசாமி முதலியார், 'இந்து' ஆசிரியர் ஏ. ரங்கசாமி ஐயங்கார் முதலியோர் அவர்களில் இருந்தார்கள். காங்கிரஸ் விலகி நின்றது. சீர்திருத்தத்தை எதிர்த்த வின்ஸ்டன் சர்ச்சில் சாட்சியாக வந்தபோது அம்பேத்கர் உள்ளிட்ட இந்தியப் பிரதிநிதிகள் அவரைக் கேள்வி கேட்டார்கள். இந்திய அமைச்சர் சாமுவேல் ஹோர் பல நாட்கள் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான கேள்விகளுக்குப் பதில் சொன்னார். இத்தனைக்கும் பிறகு வந்த 1935 சட்டத்தில் டொமினியன் அந்தஸ்து என்ற வாக்குறுதி இடம்பெறவில்லை.

1947 ஜூலை 4 அன்று இந்தியச் சுதந்திர மசோதா காமன்ஸ் சபையில் அறிமுகமாகி, ஜூலை 18 அன்று அரசரின் ஒப்புதலைப் பெற்றது. அதற்கென்று தெரிவுக்குழு அமைக்கப்படவில்லை. சாட்சி யாரும் விசாரிக்கப்படவில்லை.