அம்மியில் எழுதிய வைத்தியம்

வைத்திய வரலாறு என்றவுடன் அரசர் பெயர் தாங்கிய செகராசசேகரமும் பரராசசேகரமுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவை நமது பெருஞ்செல்வங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், சிரங்குக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசியவளுக்கும், வீக்கத்துக்கு நொச்சியிலை வதக்கி ஒத்தடம் கொடுத்தவளுக்கும் அவ்வரலாற்றில் இடம் எங்கே?

வன்னியின் அக்கராயன் இவ்வினாவை நம்முன் வைக்கிறது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வடபகுதியைப் பொருளாதாரத் தடை வாட்டியது. மருந்தும் சவர்க்காரமும் அரிதாயின. பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்த காலம் அது. 1996இல் கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் வசமானபோது, இடம்பெயர்ந்த மக்கள் அக்கராயனிலும் அயற்கிராமங்களிலும் தஞ்சம் புகுந்தனர். நெருக்கமும் சவர்க்காரப் பஞ்சமும் கூடிய கொட்டில்களில் சிரங்கு பரவாமல் என்ன செய்யும்? அந்நாளில் வளவு வேம்பும் அம்மியுமே ஏழைத் தாய்க்குக் கைகொடுத்தன.

இது வெறும் நம்பிக்கையன்று. 1992இல் வெளியான முன்னோடி ஆய்வொன்றில், வேம்பும் மஞ்சளும் சேர்ந்த பூச்சினால் சிரங்குற்ற 814 பேரில் 97 விழுக்காட்டினர் 3 முதல் 15 நாட்களுள் குணமடைந்தனர். ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வாகையால் அதை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. மேலும் ஆராயத் தூண்டும் சான்றாகக் கொள்ளலாம்.

மக்களின் அறிவை எழுதிவைக்காவிடின் நேர்வது யாது? 1995இல், புண்ணாற்றும் மஞ்சளின் பயன்பாட்டுக்கு அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ நிலையம் காப்புரிமை பெற்றது. நம் பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தது புதுக்கண்டுபிடிப்பு என்றாயிற்று! இந்திய அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் கழகம் வழக்காடியதன் பயனாக 1997இல் அவ்வுரிமை இரத்தாயிற்று. அங்கு சான்றாக நின்றவை பழைய வடமொழி நூலும், 1953இல் ஒரு மருத்துவ இதழில் வெளியான கட்டுரையும். வென்றது எழுத்து, வாய்மொழி மட்டும் இருந்திருப்பின் தோற்றிருப்போம்.

எனினும், தடைக்காலத்தைப் பொற்காலமாகப் பாடுவது பெருந்தவறு. மண்பட்ட ஆழ்காயத்துக்கு ஏற்புவலித் தடுப்பூசியே வேண்டும். பச்சிலை அதற்கு ஈடாகாது. மருந்தை மறிப்பது அநீதி. அநீதியைப் பச்சிலை கொண்டு மறைத்தல் ஆகாது.

ஆசிரியரும் மாணவரும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஊர் மூதாட்டியரிடம் செல்வோம். எம்மூலிகை, எவ்வளவு, எந்நோய்க்கு, எப்போது பலிக்கவில்லை என்பவற்றை அவர்கள் பெயரோடு எழுதிவைப்போம். அம்மி தேயுமுன் ஏடு நிறையட்டும்.