யாழ்ப்பாணத் தீவுகளிற் குதிரை வளர்ப்பு: சினைக்காலப் பராமரிப்பு நோக்கில் ஒரு வரலாற்றுக் குறிப்பு

நயினாதீவிலே காணப்படும் தமிழ்க் கல்வெட்டு முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணையொன்றைக் கூறுவது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனைப் பதிப்பித்த காலந்தொட்டு ஈழத்து வாணிப வரலாற்றை எழுதுவோர் பலரும் அதனை எடுத்தாண்டுள்ளனர். ஊராத்துறைக்கு வரும் பரதேசிகளுக்குப் பாதுகாப்பு வழங்கப்படவேண்டும் என்னும் அவ்வாணை, உடைந்த மரக்கலங்களைப் பற்றியும் விதி வகுக்கின்றது. வேறு பண்டங்கள் ஏற்றிவந்த கலம் உடைந்தால் பாதிப் பங்கு அரச பண்டாரத்துக்குரியது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலமாயின் காற்பங்கே பண்டாரத்துக்கு, எஞ்சியது உடையவனுக்கு. தன் வருவாயைக் குறைத்துக்கொண்டேனும் குதிரை வணிகனைத் தன் துறைக்கு ஈர்க்க அரசன் விழைந்தான் என்பது இதனாற் புலனாகும். ஆயின், ஆண்டுதோறும் கடல்கடந்து வந்த இவ்விலங்கு வந்த இடத்தில் ஏன் பெருகவில்லை என்னும் வினாவை நம் வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் எழுப்புவதில்லை.

அவ்வினாவுக்கு அக்காலத்தவர் தந்த விடையொன்று உண்டு. 1290களிற் பாண்டி நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அரசனும் அவன் உடன்பிறந்தாரும் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கிற் குதிரைகளை வாங்குகின்றனர் என்றும், ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் எழுதினார். அரிசியோடு வேகவைத்த இறைச்சி குதிரைக்கு உணவாக இடப்பட்டது என்பதும் அவர் தரும் செய்தி. சிறந்த பொலிக்குதிரையைச் சிறந்த பெட்டைக்குதிரையோடு சேர்த்தாலும் பிறப்பது கால் கோணிய, ஏறிச் செலுத்தவியலாத குட்டியே என்கிறார். இதிலிருந்து, தமிழ் மண் குதிரைக்கு ஒவ்வாதது என்னும் கருத்து நூலுக்கு நூல் வழிவழியாக வருகின்றது.

போலோ அதே இடத்திற் கூறும் மற்றொரு செய்தி ஏனோ அத்துணைக் கவனம் பெறவில்லை. அந்நாட்டிலே குதிரை வைத்தியர் இல்லை. வணிகர்கள் அவர்களை அங்குச் செல்லவும் விடுவதில்லை. குதிரை மாண்டால் அடுத்த ஆண்டும் விற்கலாம் என்பதே காரணம். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், குதிரையொன்றின் விலை 220 பொன் தினார் என்றும், வழியில் இறந்த குதிரைக்கும் பாண்டியன் விலை கொடுக்கவேண்டியிருந்தது என்றும் குறிப்பிடுகின்றார். ஊராத்துறைக் கல்வெட்டின் ஏற்பாட்டோடு இதனை ஒப்புநோக்குதல் தகும். கலம் உடைந்தால் வணிகனும் நட்டத்திற் பங்குகொள்ளும் முறை அங்கே. நட்டம் முழுவதையும் அரசனும், ஈற்றில் அவனுக்கு வரி செலுத்திய உழவனும் சுமக்கும் முறை இங்கே. இத்தகைய வாணிபத்திற் குதிரையைக் காக்கும் அறிவு பரவுவது விற்பவனுக்கு இழப்பாகும். ஆகவே குதிரை பெருகாமைக்கு மண்ணைக் காரணமாக்குமுன், மறைக்கப்பட்ட அறிவைக் காரணமாக நோக்குதல் வேண்டும் என்பது எமது துணிபு.

கால் கோணிய குட்டியைப் பற்றி இன்றைய மிருக வைத்தியம் கூறுவது இதற்கு அரணாகின்றது. பெட்டைக்குதிரையின் சினைக்காலம் ஏறத்தாழ 340 நாள். கருவின் எடையிற் பெரும்பகுதி கடைசி மூன்று நான்கு மாதங்களிலேயே சேர்கின்றது. முழங்காலிலும் பின்காலிலும் உள்ள சிறு எலும்புகள் கடைசி வாரங்களிலேதான் முற்றுகின்றன. தாய்க்கு ஊட்டங் குறைந்தாலோ, நச்சுக்கொடியில் அழற்சி ஏற்பட்டுக் கரு முதிராமுன் வெளிவந்தாலோ, எலும்பு முற்றாத குட்டி தன் பாரத்தைத் தாங்கமாட்டாது கால் கோணி நிற்கும். போலோ கேட்டறிந்தது மண்ணின் குற்றத்தை அன்று, சினையின் இறுதிக்காலக் கேட்டினைத்தான் எனக் கொள்ளுதல் பொருந்தும். இன்று ஈற்றுக்கு வெகுமுன்னரே மடி சுரப்பது இவ்வழற்சியின் அறிகுறியெனக் கொண்டு, ஒலியலைக் கருவியால் நச்சுக்கொடியின் தடிப்பை அளந்து மருந்து கொடுக்கின்றனர். அன்று அவ்வறிகுறியைக் காணும் கண்ணாவது அரச இலாயத்தில் இருந்திருக்கவேண்டும்.

மாடு வளர்ப்பிற் பழக்கமுள்ள சமூகம் அந்தக் கண்ணைத் தானே பெற்றிருக்காதா எனலாம். யாழ்ப்பாணத்து உழவர் பசுவின் ஈற்றை நன்கு அறிந்தவர். இளங்கொடியை உமலிற் கட்டி ஆலமரத்தில் தூக்கும் வழக்கமே அவ்வறிவைச் சூழ்ந்த பண்பாட்டைக் காட்டும். ஆயினும் பசுவின் அறிவு குதிரைக்கு உதவாது. சில இடங்களிற் கேடாகவும் முடியும். பசுவின் நச்சுக்கொடி கருப்பையோடு ஆங்காங்கே குமிழ்குமிழாகப் பொருந்தியிருப்பது. குதிரையினதோ கருப்பையின் உட்புறம் முழுவதும் படர்ந்திருக்கும். அது முன்னதாகவே கழன்றுவிட்டால் குட்டிக்கு மூச்சு அக்கணமே தடைப்படும். வெண்ணிறப் பன்னீர்க்குடத்துக்கு முன் செம்பட்டுப் போன்ற பை தோன்றினால் அதனை உடனே கிழித்துக் குட்டியை இழுத்தெடுக்கவேண்டும்; வைத்தியரை அழைத்துவர நேரமிராது. பன்னீர்க்குடம் உடைந்து அரைமணிக்குள் குட்டி வெளிவராவிடின் அதன் உயிர் ஐயத்துக்குரியது. பசுவின் இளங்கொடி விழ அரைநாள் காத்திருப்பது வழக்கம். குதிரைக்கு மூன்று மணியைத் தாண்டினால் நஞ்சூறலும் குளம்பழற்சியும் தாயைக் கொல்லலாம். பெரும்பாலான குதிரைகள் இரவிலேயே ஈனுகின்றன என்பதையும் சேர்த்து எண்ணினால், பசுவுக்குரிய பொறுமையோடு விடியும்வரை காத்திருந்தவன் எதைக் கண்டிருப்பான் என்பது சொல்லாமலே விளங்கும்.

மண் ஒவ்வாது என்னும் கூற்றுக்கு நேர் மறுப்பு நெடுந்தீவு. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் காலத்திலேயே அங்குக் குதிரைகள் விடப்பட்டன எனப் பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. 1658இல் வந்த ஒல்லாந்தர் நெடுந்தீவிலும் இரணைதீவிலும் குதிரை வளர்ப்பை ஒரு தொழிலாகவே நடத்தினர். யாழ்ப்பாணக் கொமாண்டராக இருந்த ஸ்வார்டெக்றூன் 1697இல் எழுதிவைத்த நிருவாகக் குறிப்பிலும் தீவுகளின் குதிரை வளர்ப்புப் பேசப்படுகின்றது. 1803இல் வெளிவந்த நூலில் றொபேட் பேர்சிவல் இத்தீவுகளின் மேய்ச்சலைப் புகழ்கின்றார். ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் லெப்டினன்ட் நோலன் என்பவர் நெடுந்தீவுக் குதிரைப்பண்ணைக்குப் பொறுப்பாயிருந்தார். பின்னர் பண்ணை கைவிடப்பட்டது, குதிரைகள் எஞ்சின. இலாயத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன. ஆவணங்களிலே கொமாண்டர்களின் பெயர்கள் உண்டு. குதிரையைச் சுருக்கிட்டுப் பிடித்துப் பழக்கிய தீவு மக்களின் பெயர்களை அவற்றிலே தேடுவது வீண்.

காவலும் வைத்தியமும் இன்றி இக்குதிரைகள் பல தலைமுறையாகப் பெருகியமை, சினைப்பட்ட பெட்டைக்குதிரைக்கு வேண்டுவது முதற்கண் திறந்த மேய்ச்சலும் நீரும் என்பதைக் காட்டுகின்றது. அவ்விரண்டும் குன்றும்போது நிகழ்வதையும் அதே தீவு காட்டுகின்றது. முருகைக்கற்பாறை நிலமாகிய நெடுந்தீவிற் புல் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையிலான மாரியை நம்பியது. மாரி முடிந்து மேய்ச்சல் செழித்த தை, மாசியிற் சினைப்படும் குதிரை மார்கழியை அடுத்து ஈனும். அதன் கடைசி மூன்று நான்கு மாதங்களின் தொடக்கம் ஓகஸ்ட், செப்டெம்பர் வறட்சியோடு நேர்படுகின்றது. மாரிக்கு முன்பே சினைப்பட்டதாயின் இறுதிக்காலம் முழுவதும் வறட்சிக்குள் அடங்கும். நெடுந்தீவுக் குதிரை போன்ற மட்டக் குதிரைகளுக்கு இது தனிப்பட்ட இடர். சினைமுற்றிய மட்டக்குதிரைக்குத் தீனி தடைப்பட்டால் உடற்கொழுப்பு கரைந்து குருதியிற் பெருகி ஈரலைக் கெடுக்கும். அது தீனியை மேலும் வெறுக்கும். ஓரிரு வாரத்துள் தாயும் கருவும் மாளலாம். வைத்தியசாலையிலும் இதற்குச் சிகிச்சை கடினம். முன்கூட்டியே நீரும் தீனியும் கொடுப்பதே எளிது.

2015இல் நெடுந்தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. கோடையிற் குதிரைகள் நீரின்றி மடிவதும், தொட்டிகளில் நீர் நிரப்பப்படுவதும் அதன் பின்னரும் செய்திகளாக வந்துள்ளன. சடலங்கள் காணப்பட்ட பின்னர் நீர் கொணர்வதிலும், யூன் மாதத்திலேயே தொட்டிகளை நிரப்பத் தொடங்குவது சினைக்குதிரைகளுக்குப் பயன்தரும். சாராப்பிட்டிக் கிணறுகளின் நன்னீரையே மக்களும் நாடவேண்டியுள்ளமையால், குதிரைக்குரிய நீர் வேறாக ஒதுக்கப்படுதலும் வேண்டும். இத்துடன் எந்த மாதத்தில் எத்தனை குட்டிகள் பிறந்தன, எத்தனை கால் கோணிப் பிறந்தன, எத்தனை ஒரு மாதம் பிழைத்தன என்னும் பதிவேடொன்று அத்தீவில் வைக்கப்படுமாயின், பாண்டி நாட்டைப் பற்றி எழுநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட கூற்றினையும் அக்கணக்கைக்கொண்டு சோதித்துப் பார்க்கலாம்.