மருத்துவர் எல்லை, போதகர் எல்லை: கிறிஸ்தவ ஆற்றுப்படுத்தலில் மூளை அறிவியல்

ஸ்கேன் கருவிகள் வந்த பிறகே கிறிஸ்தவ ஆற்றுப்படுத்தலுக்குள் மூளை அறிவியல் நுழைந்தது என்று பலரும் கருதுகின்றனர். அமெரிக்க வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. எந்தத் துன்பம் மூளையின் நோய், எந்தத் துன்பம் ஆன்மாவின் போராட்டம் என்ற கேள்வி இத்துறை பிறந்தபோதே அதனுடன் பிறந்தது. இரண்டையும் பிரிக்கும் கோடு எங்கெங்கே இடம்பெயர்ந்தது என்பதையே இக்கட்டுரை பின்தொடர்கிறது.

1906-ல் பாஸ்டன் இம்மானுவேல் ஆலயத்தில் எல்வுட் வூஸ்டர், சாமுவேல் மக்கோம்ப் என்னும் இரு குருமார், நரம்புத் தளர்ச்சியால் வாடியவர்களுக்காக ஒரு பணியைத் தொடங்கினர். வூஸ்டர் லைப்சிக்கில் வில்ஹெல்ம் வுண்டிடம் உளவியல் பயின்றவர். அவர்கள் வகுத்த விதி எளியது. மருத்துவர் முதலில் சோதிப்பார். உடலுறுப்பில் பழுது இல்லை என்றால் மட்டுமே ஆலயம் நோயாளியை ஏற்கும். மருத்துவர் இசடோர் கோரியட்டும் சேர்ந்து எழுதிய 'சமயமும் மருத்துவமும்' 1908-ல் வெளிவந்தது. தொடக்கத்தில் ஆதரித்த நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் ஜாக்சன் புட்னம் பின்னர் விலகிக்கொண்டார். மருத்துவப் பயிற்சி இல்லாதவர்கள் நோயாளிகளைக் கையாள்வது அவருக்கு உடன்பாடாகவில்லை.

அந்தக் கோட்டைத் தம் வாழ்விலேயே கடந்தவர் போதகர் ஆன்டன் பாய்சன். 1920-ல் கடும் மனச்சிதைவுக்கு ஆளாகி மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். குணமடைந்ததும் 1924-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் அரசு மருத்துவமனையில் ஆன்மிகப் பணியாளராகப் பொறுப்பேற்றார். மறு ஆண்டுக் கோடையில் இறையியல் மாணவர்களை நோயாளிகளிடம் அழைத்துச் சென்றார். ஏடுகளை வாசிக்கும் அதே கவனத்தோடு மனிதரையும் வாசிக்க வேண்டும் என்பது அவர் போதனை. மூளைப் பழுதால் வரும் நோய்களை அவர் மறுக்கவில்லை. ஆனால் சில கொந்தளிப்புகள், உள்ளம் தன்னைச் சீரமைத்துக்கொள்ள முயலும் சமயப் போராட்டங்கள் என்றார். அவருக்குத் தோள்கொடுத்த மருத்துவர் ரிச்சர்ட் காபட்டோ மனநோய் உடல் சார்ந்தது என்பதில் உறுதியாக இருந்தார். 1930-ல் பாய்சனுக்கு நோய் திரும்பியபோது இருவரும் பிரிந்தனர். தாம் பட்ட துன்பத்துக்குப் பொருள் உண்டு என்று நம்பியவருக்கு, அது வெறும் உடற்கோளாறு என்ற தீர்ப்பு எத்தனை வலித்திருக்கும்! 1936-ல் வெளியான அவரது நூல் அந்த நம்பிக்கைக்கான வாதமே.

முதல் கோடையின் மாணவர்களுள் ஒருவர் ஹெலன் ஃபிளாண்டர்ஸ் டன்பர். இறையியலும் மருத்துவமும் கற்ற அவர், உணர்ச்சிகளும் உடல் மாற்றங்களும் பற்றி 1935-ல் எழுதிய நூலால் உளவுடல் மருத்துவத்தின் முன்னோடிகளுள் ஒருவரானார்.

1970-ல் போதகர் ஜே ஆடம்ஸ் இந்தக் கோட்டை மிகக் கூர்மையாக வரைந்தார். உறுப்புக் கோளாறு மருத்துவருக்கு. எஞ்சியது பெரும்பாலும் பாவம் சார்ந்தது, அதை வேதாகமத்தைக் கொண்டு போதகர் திருத்த வேண்டும். மனிதரின் பொறுப்புணர்வை மீட்பதே அவர் நோக்கம். ஆனாலும், சோதனையில் எதுவும் தென்படாத மனச்சோர்வாளர் தம்மைக் குற்றவாளியாகக் கருதிக்கொள்ள இப்பிரிவினை வழிவகுத்தது என்பதே என் மதிப்பீடு.

இப்பிரிவினையை ஆட்டங்காணச் செய்தது 1992-ல் லூயிஸ் பாக்ஸ்டர் குழுவினர் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வு. ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோயாளிகளில் சிலருக்கு மருந்தும், சிலருக்கு மருந்தின்றி நடத்தைப் பயிற்சியும் தரப்பட்டன. தேறியவர்களிடம், எந்தச் சிகிச்சை பெற்றிருந்தாலும், மூளையின் வலப்புறக் காடேட் பகுதியில் குளுக்கோஸ் பயன்பாடு குறைந்திருந்தது. பயிற்சியும் மூளையைத் தொடுகிறது என்றால் 'இது உடல், இது உள்ளம்' என்ற பங்கீடு எப்படி நிற்கும்? 1965 முதல் உளவியல் பள்ளி நடத்திவந்த ஃபுல்லர் இறையியல் கல்லூரியைச் சேர்ந்த வாரன் பிரவுன், நான்சி மர்ஃபி, நியூட்டன் மலோனி ஆகியோர் தொகுத்து 1998-ல் வந்த நூல், ஆன்மா உடலிலிருந்து தனித்த பொருள் அல்ல என்று இறையியல் நோக்கிலேயே வாதிட்டது. உறவுகள் மூளையை வடிவமைக்கும் விதம் பற்றி டேனியல் சீகல் எழுதியவற்றை, மனநல மருத்துவர் கர்ட் தாம்சன் 2010-ல் கிறிஸ்தவ வாழ்வுக்குப் பொருத்திக் காட்டினார்.

மூளை அறிவியல் மீதான இந்த ஆர்வத்தில் ஓர் ஆபத்தும் உண்டு: ஸ்கேன் படத்தை விசுவாசத்துக்குச் சாட்சியாக நிறுத்துவது. மொன்றியலில் நரம்பியல் ஆய்வாளர் மாரியோ போரேகார்ட் 2006-ல் பதினைந்து கார்மேல் கன்னியரை ஆராய்ந்தார். இறையனுபவத்தை நினைத்தபோது வரவழைக்க முடியாது என்பதால், முன்பு பெற்ற அனுபவத்தை நினைவுகூரும்படியே கேட்கப்பட்டது. மூளையின் பல பகுதிகள் இயங்கின. இறையனுபவத்துக்கென்று தனி இடம் தென்படவில்லை. கடவுள் உண்டா என்பதற்கு இதில் விடை தேடுவது வீண்.

மூளை அறிவியலும் ஆற்றுப்படுத்தலும் இணைவதன் உண்மையான பயனைப் பாவமன்னிப்பு பற்றிய ஓயாத ஐயத்தில் காண்கிறேன். 1522-ல் மன்ரேசாவில், பின்னர் இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலாவை இந்த ஐயம் வதைத்தது. மிகத் தெளிவானவை தவிரப் பழைய பாவங்களை மீண்டும் அறிக்கையிடாதே என்றார் அவருடைய குரு. எல்லாமே அவருக்குத் தெளிவாகத் தோன்றியதால் ஆணை பயன்படவில்லை. இன்று இத்தகைய ஐயம் ஓ.சி.டி.யின் ஒரு வடிவம் என அறியப்படுகிறது. ஒவ்வொரு முறை ஆறுதல் சொல்லும்போதும் சுழற்சி வலுப்பெறுகிறது. எனவே நோயாளியின் சம்மதத்தோடு மருத்துவர் குருவிடம் பேசுகிறார். திரும்பத் திரும்ப வரும் பாவசங்கீர்த்தனத்தைக் குரு கனிவோடு மறுக்கிறார். எழும் பதற்றத்தைத் தாங்கிக்கொள்ள மருத்துவர் பயிற்சி தருகிறார்.